மூன்று பில்லியன் வெள்ளி, பதின்மூன்று மாதம்

2023 செப்டம்பர், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். சிங்கப்பூரின் தேக்காவில் நான் கணக்கு எழுதும் நகைக்கடையில் நிற்க இடமில்லை. உட்லண்ட்ஸிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர், மகள் கல்யாணத்துக்கு ஆரமும் வளையலும் எடுத்து முடித்துவிட்டு, பழுப்பு உறையைப் பிரித்து 27,000 வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) ரொக்கமாக மேசையில் வைத்தார். நான் படிவத்தை நீட்டினேன். பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பணம் வந்த வழி. படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்ன தங்கச்சி, என்னையும் அந்தப் பங்களா ஆளுங்களோட சேர்த்துட்டீங்களா?" என்றார். முந்தின மாதம் கள்ளப் பண வழக்கில் கைதான பணக்காரர்களைத்தான் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி சிரிக்கவில்லை.

"இல்லண்ணே, எல்லாருக்கும் இதுதான்" என்றேன். வங்கியில் பணம் எடுத்த சீட்டை மடித்து அதே உறைக்குள் வைத்திருந்தார். அதைக் காட்டியதும் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. ஆனால் கிளம்பும்போது அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. "இருபத்தேழாயிரத்துக்கு இவ்வளவு எழுதுறீங்களே, அவனுங்க பில்லியன் கணக்குல கொண்டு வந்தப்போ யாரு எழுதினா?"

அடுத்த வருஷம் அதே ஆள் இன்னொரு கேள்வியோடு வந்தார். இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் தேடி நான் படித்ததும் புரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை.

ஆகஸ்ட் 15

வழக்கைத் தெரியாதவர்கள் சிங்கப்பூரில் இல்லை. இருந்தாலும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். 2023 ஆகஸ்ட் 15 அன்று 400க்கும் மேற்பட்ட அதிகாரிகள் ஒரே நேரத்தில் தீவின் பல இடங்களில் புகுந்தார்கள். டாங்ளின், புக்கிட் தீமா, ஆர்ச்சர்ட் ரோடு, செந்தோசா, ரிவர் வேலி. எல்லாம் நம்மில் பலர் பேருந்தில் கடந்து போகும் முகவரிகள். பத்து பேர் கைதானார்கள். ஒன்பது ஆண்கள், ஒரு பெண். வயது 31 முதல் 44 வரை. பூர்வீகம் சீனா, கையில் இருந்த கடவுச்சீட்டுகளோ கம்போடியா, சைப்ரஸ், துருக்கி, வனுவாட்டு என்று பல நாட்டுடையவை.

அதில் ஒருவர் போலீஸ் கதவைத் தட்டியதும் பங்களாவின் இரண்டாம் மாடியிலிருந்து குதித்துவிட்டார். கை கால் எலும்பு முறிந்து, பக்கத்துச் சாக்கடைக் கால்வாயில் ஒளிந்திருந்தவரைத் தூக்கி வந்தார்கள். கோப்பிக்கடைகளில் மாதக்கணக்கில் ஓடிய கதை அது.

முதல் நாள் சொன்ன தொகை 1 பில்லியன் வெள்ளி. அது ஏறிக்கொண்டே போனது. அக்டோபரில் நாடாளுமன்றத்தில் சொன்னபோது 2.8 பில்லியன், கடைசியில் 3 பில்லியனைத் தாண்டியது. அக்டோபர் பட்டியலில் இருந்தவை: 152 சொத்துகளும் 62 வாகனங்களும், வங்கிக் கணக்குகளில் 1.45 பில்லியனுக்கு மேல், ரொக்கம் 76 மில்லியனுக்கு மேல், மின்னிலக்க நாணயம் 38 மில்லியனுக்கு மேல், 294 சொகுசுக் கைப்பைகள், 164 கைக்கடிகாரங்கள், 546 நகைகள், 68 தங்கக் கட்டிகள். மதுப் புட்டிகளுக்குக் கணக்கு ஆயிரங்களில்.

பத்திரிகைக்காரர்கள் கைப்பைகளைப் பிடித்துக்கொண்டார்கள். நகைக்கடை ஆளான எனக்கு உறைத்தது அந்த 68 கட்டிகள்தான். எங்கோ ஒரு கடை அதை விற்றிருக்கும். யாரோ என்னைப் போல ஒருத்தி பில் போட்டிருப்பாள். இன்னொன்று, அந்த 76 மில்லியன் ரொக்கம். 10,000 வெள்ளித் தாளை அச்சிட்டு வெளியிடுவதை, இங்கே மைய வங்கியாக இருக்கும் நாணய ஆணையம் 2014 அக்டோபரோடு நிறுத்தியது. 1,000 வெள்ளித் தாளை 2021 ஜனவரியிலிருந்து. பெரிய தாள் இருந்தால் கள்ளப் பணத்தைச் சுமப்பது சுலபம் என்பதுதான் காரணம். ஏற்கெனவே வெளியே போன தாள்கள் இன்னமும் செல்லும். வாங்க மாட்டோம் என்று முன்கூட்டியே எழுதி அறிவித்தால் தவிர நாங்கள் மறுக்க முடியாது, சரிபார்க்கத்தான் முடியும்.

யார் எழுதினார்கள்?

உட்லண்ட்ஸ்காரரின் கேள்விக்கு வருகிறேன். உண்மையில் எழுதியிருக்கிறார்கள். 2021இல் சில நிதி நிறுவனங்கள் சந்தேக அறிக்கைகளை அனுப்பின. வாடிக்கையாளர், பணம் எங்கிருந்து வந்தது என்று காட்டக் கொடுத்த ஆவணங்கள் போலியாக இருக்கலாம் என்ற சந்தேகம். இவ்வளவு பெரிய வழக்கு ஆரம்பித்தது அங்கேதான்: யாரோ ஒரு ஊழியர் ஒரு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது சரியில்லையே என்று நினைத்த இடத்தில். 

அந்த அறிக்கைக்கு எங்கள் தொழிலில் எஸ்டிஆர் என்று பெயர். வங்கிக்காரர் மட்டும்தான் போட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வேலையின் போக்கில் ஒரு பணம் குற்றத்திலிருந்து வந்தது என்று சந்தேகப்பட நியாயமான காரணம் கிடைத்தால் நகைக்கடைக்காரர், வக்கீல், கணக்காளர், வீட்டு முகவர் என்று யாராக இருந்தாலும் போட்டாக வேண்டும். போடாமல் விட்ட தனி நபருக்கு 250,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை. போட்டுவிட்டு, விசாரணை கெடும்படி அந்த ஆளிடமே போய் "உங்க மேல அறிக்கை போட்டிருக்கேன்" என்று சொன்னால் அதுவும் தனிக் குற்றம். இந்த இரண்டாவது பாதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிக்கைகள் போய்ச் சேரும் அலுவலகம் 2000இல் தொடங்கப்பட்டது. போலீஸின் வர்த்தக விவகாரப் பிரிவுக்குள் இருக்கிறது. அந்தப் பிரிவே 1984இல் நிதி அமைச்சின் கீழ் பிறந்து, 2000இல் போலீஸோடு சேர்ந்தது. இதற்கெல்லாம் அடித்தளமான சட்டத்துக்கு நீளமான பெயர்: லஞ்ச ஊழல், போதைப்பொருள் கடத்தல், மற்றக் கடுங்குற்றங்கள் ஆகியவற்றின் ஆதாயத்தைப் பறிமுதல் செய்யும் சட்டம். பெயரை மெதுவாகப் படித்தால் வரலாறு தெரியும். 1992இல் அது போதைப்பொருள் பணத்துக்கு மட்டுமான சட்டம். 1999இல்தான் லஞ்சமும் மற்றக் குற்றங்களும் உள்ளே வந்தன. கடத்தல்காரன் காசைப் பிடிக்கத் தைத்த சட்டையைப் பிரித்து, எல்லாருக்கும் பொருந்தும்படி பெரிதாக்கினார்கள்.

சரி, 2021இல் அறிக்கை வந்தது. கைது 2023இல். நடுவில் இரண்டு வருஷம் என்ன செய்தார்கள் என்று கோபப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. அமைச்சர் ஜோசஃபின் டியோ 2023 அக்டோபர் 3ஆம் தேதி நாடாளுமன்றத்தில் கொடுத்த விளக்கத்தைப் படித்தபின் கோபம் பாதி குறைந்தது. தனித்தனியாக வந்த சந்தேகங்களைக் கோத்துப் பார்த்தபோது, ஒருவரோடு ஒருவர் தொடர்புள்ள ஒரு பெரிய கூட்டம் தெரிந்திருக்கிறது. ஒருவரைத் தொட்டால் மற்றவர்கள் அன்றைக்கே விமானம் ஏறிவிடுவார்கள். அதனால் விஷயம் மிகச் சிலருக்குள்ளேயே இருந்தது. வெளிநாடு சொல்லிச் செய்த கைது இல்லை, எங்கள் சந்தேகத்தில் நாங்கள் ஆரம்பித்தது என்றும் அமைச்சர் சொன்னார். அப்படியும் 17 பேர் நழுவிவிட்டார்கள்.

மீதிப் பாதிக் கோபம் இன்னும் இருக்கிறது. சந்தேகப்பட்டு எழுதிய மேசை ஒன்று இருந்த அதே ஊரில், எழுதாத மேசைகள் எத்தனை? இந்த ஆட்கள் வேலை அனுமதி வாங்கியிருந்தார்கள். கைதானவர்களோடு தொடர்புள்ள சில குடும்ப முதலீட்டு அலுவலகங்கள் (பணக்காரக் குடும்பத்தின் சொத்தை நிர்வகிக்கும் நிறுவனங்கள்) வரிச் சலுகைகூடப் பெற்றிருந்தன. ஒவ்வொரு கதவிலும் யாரோ ஒருவர் படிவத்தைப் பார்த்துவிட்டு முத்திரை குத்தியிருக்கிறார்.

பதின்மூன்று மாதம்தானா?

2024 ஏப்ரல் 2ஆம் தேதி பத்து பேரில் முதல் ஆளுக்குத் தீர்ப்பு. 13 மாதம். அந்த வாரம்தான் நம் உட்லண்ட்ஸ்காரர், வளையல் அளவு சரியில்லை என்று மாற்ற வந்தார். உட்காருவதற்கு முன்பே, "பாத்தீங்களா தங்கச்சி, பதிமூணு மாசம்தானாம்!" என்றார். கடையில் இருந்த நாலு பேரும் அதையே பேசினார்கள். ஜூன் மாதத்துக்குள் பத்து பேருக்கும் தீர்ப்பு வந்துவிட்டது. 13 மாதத்தில் தொடங்கி 17 மாதத்தில் முடிந்தது பட்டியல். மாடியிலிருந்து குதித்தவருக்கு 14 மாதம்.

கள்ளப் பணத்தை நல்ல பணமாக்கும் குற்றத்துக்கு இங்கே உச்சத் தண்டனை பத்தாண்டு சிறை, 500,000 வெள்ளி அபராதம். பத்தாண்டு எங்கே, பதின்மூன்று மாதம் எங்கே? நானும் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. பிறகுதான் நான் தப்பான பேரேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பது புரிந்தது.

ஒன்று, எல்லாரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். விசாரணை என்று போயிருந்தால் வருஷக்கணக்கில் இழுத்திருக்கும். அந்த வருஷங்களில் வக்கீல் செலவு எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசியுங்கள். இரண்டு, பணத்தின் வேர் வெளிநாட்டில். இணையச் சூதாட்டம், மோசடி என்று எங்கோ நடந்த குற்றம். அங்கே நடந்த இன்ன குற்றத்தில் சம்பாதித்த இன்ன காசுதான் இங்கே இன்ன கணக்கில் விழுந்தது என்று கண்ணி கண்ணியாகக் கோத்துக் காட்ட வேண்டியது அரசுத் தரப்பின் பாடு. நாலு நாட்டு வங்கிகள் வழியாக, பத்துக் கம்பெனிப் பெயரில் சுற்றி வந்த பணத்துக்கு இதைச் செய்வது, ஆற்றில் கரைத்த சர்க்கரையைத் திரும்ப எடுப்பது மாதிரி. நிரூபிக்க முடிந்ததற்குத்தான் தண்டனை: பணத்தை வைத்திருந்தது, போலி ஆவணத்தை வங்கியிடம் காட்டியது, இப்படி.

மூன்றாவதுதான் முக்கியம். பத்து பேரும் விட்டுக்கொடுத்த சொத்து சுமார் 944 மில்லியன் வெள்ளி. குதித்த ஆள் மட்டும் 165 மில்லியனுக்கு மேல். அவர்களிடம் கைப்பற்றியதில் ஏறக்குறைய எல்லாமே போனது. தப்பி ஓடிய 17 பேரில் 15 பேர் பின்னால் 1.85 பில்லியன் வெள்ளியை விட்டுக்கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். அரசாங்கம் ஆளைவிடப் பணத்தைத்தான் குறிவைத்தது என்று நான் புரிந்துகொள்கிறேன். சிறையிலிருந்து வெளியே வந்ததும் நாடு கடத்தல். முதல் ஆள் 2024 மே மாதத்திலேயே கம்போடியாவுக்கு அனுப்பப்பட்டுவிட்டார். திரும்பி வரத் தடை.

இது எனக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்ல மாட்டேன். பசியில் அங்காடியில் திருடியவன் உள்ளே போகிற ஊரில், பங்களாக்காரன் காசைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுவதைப் பார்க்க ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. அதைவிட விசித்திரம், இந்த விவகாரத்தில் அவர்களில் சிலருக்கு உதவிய முன்னாள் வங்கி ஊழியர் ஒருவருக்கு 2025இல் கிடைத்த தண்டனை இரண்டு ஆண்டு. காசு வைத்திருந்தவனுக்கு 13 மாதம், அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டவனுக்கு 24 மாதம். இதைச் சொன்னதும் உட்லண்ட்ஸ்காரர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப நீங்கதான் ஜாக்கிரதையா இருக்கணும் தங்கச்சி" என்றார்.

நடுவில் ஒரு 5,700 வெள்ளி

அந்தப் பத்து பேர் கைதாவதற்கு ஐந்து வாரம் முன்பு, 2023 ஜூலை 11 அன்று, வேறொரு கைது நடந்தது. தேக்காவில் அதைப் பற்றிக் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள். போக்குவரத்து அமைச்சர் எஸ். ஈஸ்வரன். நம்மவர் என்பதால் வந்த சங்கடம் அது.

அதை எடுத்து நடத்தியது வேறு அமைப்பு: லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு. அதன் பிறப்பே ஒரு திருட்டில் இருக்கிறது. 1951இல் பொங்கோல் கடற்கரையில் 1,800 பவுண்டு அபின் கொள்ளை போனது. அன்றைய மதிப்பில் சுமார் 400,000 டாலர். கொள்ளையில் போலீஸ் துப்பறிவாளர்களே இருந்தார்கள். போலீஸைப் போலீஸே விசாரித்தால் விளங்காது என்று புரிந்ததும் 1952இல் தனிப் பிரிவு வந்தது. லஞ்சத் தடுப்புச் சட்டம் 1960இல். அந்தப் பிரிவு இன்று பிரதமர் அலுவலகத்தின் கீழ். பிரதமரே ஒரு விசாரணைக்கு முட்டுக்கட்டை போட்டால், அதிபரின் ஒப்புதலோடு தொடர அரசமைப்பில் வழி இருக்கிறது. ஈஸ்வரன் விஷயத்தில் அந்த வழி தேவைப்படவில்லை. ஜூலை 5ஆம் தேதி பிரிவின் இயக்குநர் விவரம் சொன்னார், மறுநாள் பிரதமர் லீ சியன் லூங் ஒப்புதல் கொடுத்தார்.

இதிலும் பிடி கொடுத்தது ஒரு தாள்தான். வேறு ஒரு விசாரணையில் தொழிலதிபர் ஓங் பெங் செங்கின் தனி விமானப் பயணிகள் பட்டியல் கையில் சிக்கியது. 2022 டிசம்பரில் அந்த விமானத்தில் ஈஸ்வரன் டோஹா போயிருந்தார். திரும்பிவந்தது வழக்கமான பயணிகள் விமானத்தில், அந்தச் சீட்டுக்கு 5,700 வெள்ளி. கொடுத்தது ஓங்கின் தரப்பு, அதாவது ஃபார்முலா ஒன் பந்தயத்தை நடத்தும் நிறுவனம். பட்டியல் கைப்பற்றப்பட்ட செய்தி காதில் விழுந்ததும், 2023 மே மாதம், எனக்கு பில் அனுப்புங்கள் என்று கேட்டு அந்த 5,700ஐ ஈஸ்வரன் கட்டினார். பயணம் போய் ஐந்து மாதம் கழித்து! காசைக் கட்டியதே நீதிக்கு இடையூறு செய்த குற்றமாயிற்று. கணக்கு எழுதுகிறவளாகச் சொல்கிறேன்: பின்தேதியில் வந்து சேரும் பணத்தைப் போலக் கண்ணில் குத்துவது வேறு எதுவும் இல்லை.

மொத்தம் 35 குற்றச்சாட்டுகள். அதில் இரண்டு, லஞ்சச் சட்டத்தின் கீழ். 2024 செப்டம்பர் 24 அன்று அந்த இரண்டையும் அரசுத் தரப்பு தண்டனைச் சட்டத்தின் 165ஆம் பிரிவுக்கு மாற்றிக்கொண்டது. அமைச்சராக இருந்தவர், அலுவல் ரீதியாகத் தொடர்புள்ளவரிடமிருந்து விலைமதிப்புள்ள பொருளை இலவசமாக வாங்கினார் என்பது போதும். கைமாறாக ஏதாவது செய்தார் என்று காட்டத் தேவையில்லை. உச்சத் தண்டனை இரண்டாண்டுதான். நாடகச் சீட்டு, கால்பந்துச் சீட்டு, பந்தயச் சீட்டு, விஸ்கி, பிராம்ப்டன் சைக்கிள் என்று சேர்ந்த பொருள்களின் மதிப்பு சுமார் 403,300 வெள்ளி. ஐந்து குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டார். அரசுத் தரப்பு கேட்டது ஆறு, ஏழு மாதம். நீதிபதி வின்சென்ட் ஹூங் அக்டோபர் 3 அன்று கொடுத்தது 12 மாதம்.

இங்கேயும் அதே கதை பாருங்கள். ஊருக்குத் தெரிந்தது வேறு, நீதிமன்றத்தில் நிற்கிறது வேறு. நிற்கிறதைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள்.

ஓட்டை அடைத்த கதை

பத்து பேர் வழக்கு முடிந்து இரண்டு மாதத்துக்குள், 2024 ஆகஸ்ட் 6 அன்று, நாடாளுமன்றம் புதிய சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. வெளிநாட்டுக் குற்றத்துக்கும் இங்குள்ள காசுக்கும் நேரடித் தொடர்பைக் கண்ணி கண்ணியாகக் காட்ட வேண்டியதில்லை. குற்றப் பணம் என்று அந்த ஆளுக்குத் தெரியும், அல்லது அப்படி நினைக்க நியாயமான காரணம் இருந்தது என்று காட்டினால் போதும். ஆற்றில் சர்க்கரை தேடும் வேலை மிச்சம். வரி, சுங்கத் துறைத் தகவல்களைச் சந்தேக அறிக்கை அலுவலகத்தோடு பகிரவும் வழி வந்தது.

அதற்கு முன்பே ஏப்ரல் 1 அன்று காஸ்மிக் என்ற தளம் ஓட ஆரம்பித்தது. டிபிஎஸ், ஓசிபிசி, யுஓபி, சிட்டிபேங்க், எச்எஸ்பிசி, ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் ஆகிய ஆறு வங்கிகள், சந்தேகத்துக்குரிய வாடிக்கையாளர் பற்றித் தங்களுக்குள் தகவல் மாற்றிக்கொள்ளலாம். அதுவரை ஒரு வங்கி கதவைச் சாத்தினால் ஆள் பக்கத்து வங்கிக்குப் போய்ச் சிரித்த முகத்தோடு உட்காருவார். சிராங்கூன் சாலையில் கள்ள நோட்டு கொடுத்தவன் பற்றிக் கடைக்குக் கடை வாட்ஸ்அப்பில் படம் போய்விடும். வங்கிகளுக்கு வாடிக்கையாளர் ரகசியம் என்று ஒன்று இருந்ததால் அது முடியாமல் இருந்தது.

நம் ஆட்களை நேராகத் தொடுகிற மாற்றங்கள் வேறு இரண்டு. முதலாவது "டைரக்டர் வேலை". இங்கே கம்பெனி பதிய, இங்கேயே வசிக்கும் இயக்குநர் ஒருவராவது வேண்டும். அதனால் பெயரை வாடகைக்கு விடும் தொழிலே நடந்தது. மாதம் சில நூறு வெள்ளி, கையெழுத்து மட்டும் போட்டால் போதும், கம்பெனி என்ன செய்கிறது என்று கேட்கக்கூடாது. 2025 ஜூன் 9 முதல், தொழிலாக இப்படிப் பெயர் கொடுப்பவரைப் பதிவுபெற்ற கம்பெனிச் சேவை நிறுவனம் ஒன்றுதான் ஏற்பாடு செய்ய முடியும். அவர் அதற்குத் தகுதியானவரா என்று அந்த நிறுவனமே பார்த்தாக வேண்டும்.

இரண்டாவது, கணக்கை விற்பது. ஒப்பந்தம் முடிந்து ஊருக்குக் கிளம்புகிற தம்பியிடம் யாரோ வந்து, "இந்தக் கணக்கு இனிமே உனக்கு எதுக்கு? ஏடிஎம் அட்டையும் ரகசிய எண்ணும் கொடு, ஐந்நூறு வெள்ளி தரேன்" என்பார். தங்குவிடுதிகளில் இது சகஜமான பேச்சு. அந்தக் கணக்கில் யாரோ ஒரு பாட்டியின் மோசடிப் பணம் வந்து விழும். 2024இல் மட்டும் இங்கே மோசடிகளில் பறிபோனது 1.1 பில்லியன் வெள்ளி. "எனக்கு எதுவும் தெரியாதுங்க" என்று சொல்லித் தப்பிக்க முன்பு இடம் இருந்தது. 2024 பிப்ரவரியிலிருந்து, எச்சரிக்கை இல்லாமல் நடந்துகொண்டதே குற்றம். அரசாங்க இணையச் சேவைகளுக்குள் நுழைய உதவும் சிங்பாஸ் அடையாள விவரத்தைக் கைமாற்றுவதும் அப்படியே. உண்டியலில், அதாவது வங்கி வழியாக இல்லாமல் ஆள் மூலம், ஊருக்குப் பணம் அனுப்புவது பற்றித் தனியாகவே எழுதலாம். இங்கே ஒன்று மட்டும் சொல்கிறேன்: உரிமம் இல்லாமல் அந்தத் தொழில் செய்கிற தனி நபருக்கு 125,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை. கமிஷன் மிச்சம் என்று அதில் போடுகிறவரின் காசு, எவன் காசோடு கலந்து போகிறது என்று அவருக்கே தெரியாது.

மூன்று படிவம்

2025 ஜூலை 4ஆம் தேதி கணக்கு வேறு பக்கம் திரும்பியது. பத்து பேர் வழக்கை ஒட்டி, நாணய ஆணையம் ஒன்பது நிதி நிறுவனங்களுக்கு மொத்தம் 27.45 மில்லியன் வெள்ளி அபராதம் விதித்தது. அதிகம் கட்டியது கிரெடிட் சுவிஸ் சிங்கப்பூர்க் கிளை, 5.8 மில்லியன், அடுத்தது யுஓபி, 5.6 மில்லியன். இதைவிடப் பெரிய கூட்டு அபராதம் ஒரே ஒரு தடவைதான் விதிக்கப்பட்டிருக்கிறது: மலேசியாவின் அரசு முதலீட்டு நிதியான 1எம்டிபி சூறையாடப்பட்ட விவகாரத்தில் எட்டு வங்கிகளுக்கு 29.1 மில்லியன். அந்தச் சமயம், 2016இல், பிஎஸ்ஐ என்ற வங்கியை இழுத்து மூடவே சொன்னார்கள்.

பத்து பேர் விட்டுக்கொடுத்த 944 மில்லியனுக்குப் பக்கத்தில் 27.45 மில்லியன் சிறிய தொகை. வங்கிகளுக்கு அது வலித்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். எனக்கு முக்கியமாகப் பட்டது, ஆணையம் எடுத்துச் சொன்ன குறைகள். வாடிக்கையாளரின் அபாயத்தை ஒழுங்காக எடை போடவில்லை. சொத்து வந்த வழிக்கு அவர் சொன்னதையே ஆதாரமாக வைத்துக்கொண்டார்கள். அவர்கள் அமைப்பே எச்சரிக்கை மணி அடித்தும் கவனிக்கவில்லை. கடைசிக் குறையைத்தான் இரண்டு முறை படித்தேன்: சந்தேக அறிக்கை போட்ட பிறகும் சில இடங்களில் அந்த வாடிக்கையாளரோடு வழக்கம்போலவே நடந்துகொண்டார்கள்.

அதாவது, எழுதியிருக்கிறார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு, நம் வேலை முடிந்தது என்று மறுநாளும் அதே ஆளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டிருக்கிறார்கள். உட்லண்ட்ஸ்காரரின் முதல் கேள்விக்கு முழுப் பதில் இதுதான் என்று தோன்றியது. அடுத்த முறை அவர் வந்தபோது சொன்னேன். பேரப்பிள்ளைக்குக் காப்பு எடுக்க வந்திருந்தார். 900 வெள்ளிதான், அட்டையில் கட்டினார். படிவம் தேவையில்லை. ஆனாலும் அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்துவிட்டார், பழக்கதோஷம்.

அன்று கடையை அடைத்தபின், முதலாளியிடம் சொல்லிவிட்டு, ரொக்கப் படிவங்கள் இருக்கும் கோப்பை எடுத்தேன். ஒரே வருஷத்தில் மூன்று தடவைக்கு மேல் வந்த பெயர்களைத் தனியாகப் பிரித்ததில் மூன்று பேர் தேறினார்கள். ஒருவர் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர். தினசரி வசூல் ரொக்கம், வருமான வரிக் கணக்கின் நகல் முன்பே கொடுத்திருந்தார். இன்னொருவர் இரண்டு மகள்களுக்கும் ஒரே வருஷத்தில் கல்யாணம் செய்தவர். பத்திரிகை வைக்க எங்கள் வீட்டுக்கே வந்தார். மூன்றாவது ஆளைப் பற்றி இங்கே எழுத முடியாது. அறிக்கை போட்டேனா இல்லையா என்பதைக்கூட.